பூனைக்குப் பல் கட்டிய சனிக்கிழமைகள்

பூனைக்கு முப்பது பல். இதை இருபது வருஷத்துக்கும் மேலாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதிப் போடுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அந்த முப்பதையும் சேற்றிலிருந்து பொறுக்கி, எது எந்தக் குழியில் இருந்தது என்று கண்டுபிடித்து, மண்டை ஓட்டில் ஒவ்வொன்றாகத் திரும்ப உட்கார வைப்பதுதான் வேலை. போன கார்த்திகையிலும் மார்கழியிலும் என் சனிக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. அதே சனிக்கிழமைகளில் நான் செய்வதாகச் சொல்லியிருந்த வேலை வேறு. அப்பாவைத் திருவாரூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பல் கட்டிவிட வேண்டும். பூனை முந்திக்கொண்டது. நான்தான் அதை முந்த விட்டேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் விலங்கியல் ஆசிரியை. கணவர் சிங்கப்பூரில், மகன் சென்னையில். அம்மா போன பிறகு அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் வேலையே இருக்காது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கோ எப்போதும் தலைக்கு மேல் வேலை. அல்லது அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது.

பள்ளி ஆய்வகத்தில் இருந்த பூனை மண்டை ஓடு, அலமாரியை இடம் மாற்றும்போது விழுந்து நொறுங்கிவிட்டது. பொங்கலுக்கு முன்னால் அறிவியல் கண்காட்சி. எங்கள் பள்ளிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு ‘பல்லும் உணவும்’. மாட்டுக்கு மண்டை ஓடு இருந்தது, எலிக்கு இருந்தது. கறி தின்னும் பிராணிக்கு ஒன்றும் இல்லை. இந்த நிலைமையில், சத்துணவுக் கூடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த ஒரு கிழட்டுச் சாம்பல் பூனை ஆனி மாதத்தில் பள்ளி வாசலில் மினி பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் உச்சுக்கொட்டிக்கொண்டு நின்றபோது நான் ஒரு யூரியா சாக்கு கேட்டேன். மற்ற டீச்சர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

கொல்லையில் ஒரு ஓட்டைப் பானையில் மண் போட்டு, பூனையின் தலையை அதில் புதைத்து, நாய் கிளறாமல் இருக்க மேலே கம்பி வலை கட்டி வைத்தேன். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை ஊருலேர்ந்து வந்தப்பக்கூட இவ்வளவு கவனிப்பு இல்லையேம்மா” என்றார்.

அப்பா அப்படித்தான். எதையும் நேராகச் சொல்ல மாட்டார். வேண்டும் என்பதையும் வேண்டாம் என்பதையும் கேலியில் சுற்றித்தான் கொடுப்பார். அவிழ்த்துப் பார்ப்பது நம் பொறுப்பு. எனக்கு அது தெரியும். தெரியவில்லை என்று நான் சொல்லவே முடியாது.

அவருடைய வாயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மேல்வரிசை முன்பே போய், பல் செட் கட்டியிருந்தார். கீழ்வரிசையில் கடைசியாக ஆடிக்கொண்டிருந்தவற்றை அதற்கு முந்தின தை மாதம் பிடுங்கினார்கள். “ஈறு ஆறட்டும், மூணு மாசம் கழிச்சு வாங்க, அளவு எடுக்கலாம்” என்றார் பல் டாக்டர். மூன்று மாதத்தில் பொதுத் தேர்வு வந்தது. அப்புறம் விடைத்தாள் திருத்துவது. அப்புறம் வெயில். அப்புறம் பள்ளி திறந்துவிட்டார்கள். கீழே ஒன்றும் இல்லாமல் மேலே மட்டும் போட்டால் வாய் கோணிக்கொண்டு நிற்கிறது என்று அப்பா மேல் செட்டையும் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டார். ரசம் சோற்றைக் குழைத்துக் குடிக்காத குறையாகச் சாப்பிட்டார். வெற்றிலையைச் சின்ன உரலில் இடித்துப் போட்டுக்கொண்டார். தொலைக்காட்சியில் யாராவது முறுக்குக் கடித்தால், “பல்லு இருக்குறவன் பக்கோடா திங்கிறான்” என்பார். நானும் சிரிப்பேன்.

சாப்பாடுகூடப் பெரிதில்லை. பேச்சுதான் போய்விட்டது. எங்கள் உறவில் எந்த வீட்டு நிச்சயதார்த்தமாக இருந்தாலும் சபையில் எழுந்து சொல்வது அப்பாதான். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், இரண்டு பக்கத்துப் பாட்டன் பூட்டன் பேர், ஊர், குலதெய்வம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி, இன்னாருடைய பெண்ணை இன்னாருடைய பையனுக்குக் கொடுக்கச் சம்மதம் என்று முடித்துத் தாம்பூலத் தட்டை மாற்ற வேண்டும். காகிதம் வைத்துக்கொள்ள மாட்டார். மைக் கொடுத்தால் ஒதுக்கிவிடுவார். மண்டபத்தில் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். அந்தக் குரலில் இப்போது ‘ச’ எல்லாம் காற்றாகப் போனது, ‘த’ இருந்த இடமே தெரியவில்லை. வீட்டில் எனக்குப் பழகிவிட்டதால் புரிந்தது. வெளியாருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

திருப்பனந்தாள் பக்கம் அப்பாவின் தங்கை இருக்கிறார். என் அத்தை. கூடப் பிறந்தவர்களில் இப்போது மிச்சம் அவர் ஒருவர்தான். அத்தையின் பேத்திக்குத் தையில் நிச்சயதார்த்தம் என்று ஐப்பசியிலேயே போன் வந்தது. “அண்ணன் வாயாலதான் வரணும், வேற யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பா என்னைப் பார்த்து, “டீச்சரம்மா, பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க, உனக்குத் தெரியுமில்ல?” என்றார். இதைவிடத் தெளிவாக அவர் எதையும் கேட்டதில்லை.

“இந்தச் சனிக்கிழமை போயிடலாம்ப்பா” என்றேன்.

மழையால் அந்தச் சனிக்கிழமை போகவில்லை. மழை விட்டதும் பானையைத் தோண்டினேன். மண்ணும் புழுவும் தங்கள் வேலையை நன்றாகவே செய்திருந்தன. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மிச்சம் மீதி போக ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஊறும்போது பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் நார் அழுகி, பல் தானாகக் கழன்று வாளியின் அடியில் விழும். அதனால் தண்ணீரை மாற்றும்போது துணியில் வடிகட்ட வேண்டும். இதை எல்லா வருஷமும் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஊருக்கு உபதேசம்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் வாளித் தண்ணீரைச் சும்மா கொட்ட மாட்டார்கள். அரிசி களைந்தது, பாத்திரம் கழுவியது, துணி அலசியது எல்லாம் வாழைக்குத்தான் போகும். ஆற்றில் வெள்ளம் போனாலும் சரி, அந்தப் பழக்கம் விடாது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மண்டை ஓட்டை எடுத்துத் தட்டில் வைத்தேன், வாளியைத் தூக்கினேன், கை தானாக வாழையடிக்குப் போய்விட்டது. கொட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாளியின் அடியில் ஒரு பல்கூட ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

மறுநாள்தான் டாக்டரிடம் போவதாக இருந்தோம். அப்பா வெள்ளை வேட்டியை எடுத்து வைத்திருந்தார். சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து வாழையடியில் நின்றுகொண்டு நான் என்ன செய்வது என்று முழித்தபோது, அவரே சொன்னார்.

“மழை திரும்ப வந்துச்சுன்னா எல்லாம் வாய்க்காலுக்குப் போயிடும். மொதல்ல அதைப் பொறுக்கு. நம்ம பல்லு எங்க போயிடப் போவுது.”

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது. ஒரு பேச்சுக்காவது, இல்லப்பா, பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்து பொறுக்கிக்கலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சனிக்கிழமை முழுவதும் வாழையடி மண்ணைக் கரண்டியால் அள்ளி, மாவு சலிக்கும் சல்லடையில் போட்டு, தண்ணீர் விட்டு அலசினேன். அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எச்சில் இலைக்கும் கூழாங்கல்லுக்கும் நடுவில் முதல் கோரைப்பல் அவர் கண்ணில்தான் பட்டது. “தோ, தோ” என்று கத்தினார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். சல்லடையைத்தான் அப்புறம் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

ஒரே ஒரு பொடிப் பல் தவிர எல்லாம் கிடைத்துவிட்டன. மேல்தாடையின் கடைசியில் இருக்கும் அந்தப் பல் பூனைக்கே எதற்கும் உதவாதது. அதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பல் வைக்கிற வேலை. சன்னல் பக்கம் மேசையைப் போட்டு, மண்டை ஓடு உருளாமல் இருக்க அரிசி அளக்கும் ஒரு பழைய படியில் ஆற்று மணலை நிரப்பி, அதில் தலைகீழாக வைத்தேன். தட்டில் பற்களைக் கழுவி உலர்த்திப் பரப்பினேன். முன்னால் இருக்கும் வெட்டுப்பற்கள் நொய்யரிசி அளவுதான் இருக்கும். மூச்சை இழுத்து விட்டால் தட்டை விட்டு ஓடிவிடும். மின்விசிறி போடக் கூடாது. ஒவ்வொன்றையும் இடுக்கியால் தூக்கி, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்க வேண்டும். வேரின் வளைவு உள்பக்கம், கூரின் சாய்வு பின்பக்கம். வேர் ஒன்றா, இரண்டா, மூன்றா என்று பார்த்துவிட்டுத் தாடையில் அத்தனை குழி இருக்கிற இடத்தைத் தேட வேண்டும். தப்பான குழியில் வைத்தால் பல் ஆடும், அல்லது பாதியில் நிற்கும். சரியான குழி என்றால் லேசாக ஒரு ‘டக்’. அவ்வளவுதான், உட்கார்ந்துவிடும்.

அந்தச் சத்தத்துக்கு நான் அடிமையாகிப் போனேன். வகுப்பறையில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு கத்துகிறவளுக்கு, அடங்கி உட்காருகிற ஒரு பொருள் கிடைத்தால் எப்படி இருக்கும்? கறியைக் கிழிக்கும் பெரிய கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர். மூன்றும் ஒரே நேரத்தில் மூன்று குழியில் இறங்கினபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடத்திலிருந்து அப்பா, “உக்காந்துடுச்சா?” என்று கேட்டார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

“உக்காந்துடுச்சுப்பா.”

“பூனை குடுத்து வெச்சது.”

இதற்கும் நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த பல்லை எடுத்தேன்.

எல்லாவற்றையும் பசை இல்லாமல் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றி, குழியில் ஒரு சொட்டு வெள்ளைப் பசை விட்டுத் திரும்ப வைக்க வேண்டும். ஊதுபத்திக் குச்சியின் நுனியால் விட்டேன். ஒரு சனிக்கிழமை மேல்தாடை, அடுத்த சனிக்கிழமை கீழ்த்தாடை. இரண்டு சனிக்கிழமையும், “அடுத்த வாரம் கண்டிப்பா போறோம்ப்பா, கண்காட்சி நெருங்கிடுச்சு பாருங்க” என்றேன். அவர் “ம்” என்றார். இரண்டாவது தடவை “ம்” கூடச் சொல்லவில்லை. உரலில் வெற்றிலை இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அது கொஞ்சம் பலமாக இருந்ததாக எனக்கு இப்போது தோன்றுகிறது. இப்போது எனக்கு எல்லாமே அப்படித்தான் தோன்றுகிறது.

மூன்றாவது சனிக்கிழமை உண்மையாகவே போகக் கிளம்பினோம். அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் செருப்போடு நின்றார். பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று நான் இரண்டு தாடையையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். வாய் மூடவில்லை. மேல் கோரைப்பல் இரண்டும் இடம் மாறியிருந்தன. இடது பல் வலது பக்கத்திலும் வலது பல் இடது பக்கத்திலும் வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றன. வெள்ளைப் பசை என்பதால் வெந்நீரில் ஊறப்போட்டால் விட்டுவிடும். ஆனால் இன்னும் இறுகிப் போவதற்குள் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பதற்றம். இறுகினால்தான் என்ன, இரண்டு நாள் கூடுதலாக ஊற வைத்தால் போகிறது. இதுவும் எனக்குத் தெரியும்.

“அப்பா, ஒரு அஞ்சு நிமிஷம்” என்றேன்.

வெந்நீர் வைத்து, பஞ்சை நனைத்துப் பல்லைச் சுற்றிக் கட்டி, அது இளகுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒரு வழியாகக் கழற்றி நிமிர்ந்தபோது அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தார். செருப்பை அதன் இடத்தில் விட்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாரே என்று பயமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தை போன் செய்தார். அப்பா எடுத்துப் பேசினார். பத்திரிகை, மண்டபம், மாப்பிள்ளை வீட்டில் பெரியவர் யார் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போனார். அந்தப் பக்கத்தில் அத்தை, “அண்ணே, ஒண்ணும் புரியலண்ணே. கொஞ்சம் புள்ளைகிட்ட குடுங்க” என்றது எனக்கே கேட்டது. அப்பா போனை நீட்டினார். அவர் கேட்ட கேள்விகளை எல்லாம் நான் திரும்பக் கேட்டேன். பேசி முடித்துத் திரும்பினால் அவர் அங்கே இல்லை, கொல்லையில் போய் நின்றிருந்தார். அவமானப்பட்டவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தைரியம் போதவில்லை. உள்ளே போய்க் கோரைப்பற்களைச் சரியான பக்கத்தில் வைத்தேன்.

கண்காட்சியில் எங்கள் பள்ளிக்கு நல்ல பேர். பூனை மண்டை ஓடு கண்ணாடிப் பெட்டிக்குள் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி குச்சியால் தொட்டுக் காட்டி, “விலங்கின் பல்லைப் பார்த்தால் அதன் வாழ்க்கையைச் சொல்லிவிடலாம்” என்று நான் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தாள். பார்க்க வந்த அதிகாரி ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “ஒவ்வொண்ணா நீங்களே வெச்சீங்களா? எவ்வளவு பொறுமை டீச்சர் உங்களுக்கு!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். எனக்குப் பொறுமை இல்லை என்றால் மன்னிப்பு உண்டு. இருக்கிறது, அதை எதற்குச் செலவழிக்கலாம் என்று நான் தேர்ந்தெடுத்தேன் என்றால் அதற்கு என்ன சொல்வது?

பொங்கல் கழிந்த உடனே அப்பாவைத் திருவாரூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வருகிற மாதிரி இல்லை. “இனிமே எதுக்கும்மா” என்றார். நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏற்றினேன். டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். அதைக் கணினித் திரையில் போட்டார். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதமாகத் தாடை எலும்பையே பார்த்துக்கொண்டிருந்த கண். பல் நிற்கிற மேடு என்று கீழ்த்தாடையில் ஒன்றும் இல்லை. வழவழவென்று மெலிந்து ஒரு கோடாகக் கிடந்தது.

“பல்லு இல்லன்னா எலும்புக்கு வேலை இல்லை, கரைய ஆரம்பிச்சிடும்” என்றார் டாக்டர். “எடுத்த மொதல் வருஷந்தான் ரொம்பக் கரையும். வயசு ஒரு காரணம், சர்க்கரை ஒரு காரணம். அப்பவே செட் கட்டியிருந்தா வாய் பழகியிருக்கும், சமாளிச்சிருப்பார். இப்ப கட்டித் தரலாம். ஆனா நிக்கிறது கஷ்டம். பேசினா எழும்பிக்கும்.”

“எலும்புல திருகு வெச்சு…” என்றேன்.

“இந்தச் சர்க்கரைக்கு நான் வெக்க மாட்டேன்ம்மா.”

பல் போன தாடை தேயும் என்பது பாடத்தில் இருக்கிறது. தாடையைத் திருப்பிக் காட்டி நானே நடத்தியிருக்கிறேன். அப்பா திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு டாக்டரிடம் ஏதோ சொன்னார். அவருக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார்.

“வாய்க்கா கரை கரைஞ்ச மாதிரியான்னு கேக்குறாங்க” என்றேன்.

“அதே மாதிரிதாங்க” என்றார் டாக்டர். அப்பா தலையை ஆட்டினார். கரை கரைந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சன்னல் ஓரம் அவர், பக்கத்தில் நான். “அப்பா, இது என் தப்புதான். நான் கூட்டிக்கிட்டு வந்திருக்கணும்” என்றேன். இதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அப்பா வெளியே கையைக் காட்டி, “அறுப்பு மெஷின் எறங்கிடுச்சு பாரு. ஈரத்துலேயே எறக்கிட்டான், மடையன்” என்றார். வயல் முழுக்கச் சம்பா சாய்ந்து கிடந்தது. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று அப்போது தெரியவில்லை. இரண்டாவது முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு அவர் வர மாட்டேன் என்றார். அத்தை போனில் அழுதார். கடைசியில் வந்தார். கரை வேட்டி, துண்டு, நெற்றியில் திருநீறு, உதடு உள்ளே மடிந்த வாய். மண்டபத்தில் எல்லோரும் வந்து கும்பிட்டார்கள். அவர் பதிலுக்குக் கும்பிட்டாரே தவிர யாரிடமும் பேசவில்லை. “என்ன மாமா, கோவமா?” என்று ஒருவர் கேட்டார்.

தட்டுகளைப் பரப்பி, சபை கூடி உட்கார்ந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். அத்தையின் மகன் அப்பாவைக் கையைப் பிடித்து நடுவில் உட்கார வைத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், பையனுக்குப் பெரியப்பா, எதிரில் உட்கார்ந்திருந்தார். “சொல்லுங்கய்யா, ராகு காலம் வந்துடும்” என்றார். அப்பா எழுந்து சபையைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். முதல் வாக்கியத்திலேயே முன்வரிசை நெளிந்தது. பின்னால் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டது கேட்டது. அப்பா நிறுத்தினார். யார் முகத்தையும் பார்க்காமல் பெண்கள் பக்கம் திரும்பி, விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டார்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒவ்வொரு வரியாகத் தாழ்ந்த குரலில் சொல்ல, நான் சபைக்குச் சத்தமாகச் சொன்னேன். எங்கள் வழக்கத்தில் பொம்பளை சபையில் நின்று சொல்வதில்லை. யாரோ முணுமுணுத்தார்கள். “பரவால்ல, சொல்லட்டும்” என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கையமர்த்தினார். அப்பா ஒரு பேரும் மறக்கவில்லை. எதிர் வீட்டாரின் பூட்டனார் பேரை அவர்கள் பக்கத்து இளைஞர்களே அன்றைக்குத்தான் கேட்டிருப்பார்கள். “பெண்ணைக் கொடுக்க எங்களுக்குப் பூரண சம்மதம்” என்று கடைசி வரியை நான் சொல்லி முடித்தேன். நாதசுவரக்காரர் கெட்டிமேளம் கொடுத்தார். தட்டு மாறியது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா உட்கார்ந்தார், மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

மேளம் ஓய்ந்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நல்ல மனிதர், குத்தலாகச் சொல்லவில்லை.

“நல்லா சொன்னம்மா. டீச்சர்னாங்க, குரலே சொல்லுது. ஆனா இந்தக் காலத்துல பல்லு கட்டுறது ஒரு வேலையா? அப்பாவுக்கு ஒரு செட்டு கட்டிக் குடுத்திருக்கலாமில்ல?”

முன்வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. அதற்குள் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ சொன்னார். இந்தத் தடவை தாழ்ந்த குரலில் இல்லை, தன் பழைய குரலில், சபைக்கே சொன்னார். யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

“என்னம்மா சொல்றாங்க?” என்றார் பெரியப்பா.

அப்பா என் மணிக்கட்டை ஒரு தடவை அழுத்தினார். வரி முடிந்தது, நீ சொல் என்பதற்குச் சபையில் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து அதுதான் அடையாளமாக இருந்தது.

“அவங்கதான் வேண்டாம்னுட்டாங்களாம்” என்றேன்.

அவர் இன்னொரு தடவை அழுத்தினார். இரண்டாவது வரியும் இருந்தது.

“பொண்ணு நடையா நடந்துச்சாம். அவங்கதான் கேக்கலியாம்.”

“அதானே பாத்தேன்” என்று பெரியப்பா சிரித்தார். சபையும் சிரித்தது. வயசானவர்களின் பிடிவாதம் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார்கள். அப்பா என் கையை விட்டுவிட்டு, “போ, போய்ப் பொம்பளைங்களோட உக்காரு” என்றார்.